ஊகிக்காமல் விட்ட கடிதம்

அந்தப் படம் எங்கள் படுக்கையறை அலுமாரிக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. குழப்படி செய்த பிள்ளையை மூலையில் நிறுத்துவதுபோல நான்தான் அதை நிறுத்திவைத்தேன். பிழை அதனுடையது அல்ல. நான் எடுத்த படங்களுக்குள் ஆகச் சிறந்தது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். நினைக்கும்போதே காது சுடுகிறது.

படத்தில் இருப்பது ஒரு வெள்ளைத் தாள். பலமுறை மடித்து, கத்தரிக்கோலால் வெட்டி, விரித்த தாள். இதயங்கள், இலைகள், சின்னச் சின்ன முக்கோணங்கள். வெட்டிய ஓட்டைகளுக்குள்ளால் பெப்ரவரி வெயில் வருகிறது. நடுவில் ஒரு பூ, தலையைக் குனிந்தபடி, தாளோடு ஒட்டப்பட்டிருக்கிறது. பூவைச் சுற்றி நீலப் பேனையில் ஒரு குழந்தையின் கையெழுத்து. வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் எழுத்துக்கள் தாளை விட்டு எழும்பி மிதப்பதுபோல இருக்கும். மிதந்தன. நான் பார்த்தேன். வாசிக்கவில்லை.

நாங்கள் இருக்கும் சின்ன டேனிஷ் ஊரான பிராண்டேயில் நவம்பர் பிறந்தால் வானம் ஒரு பழைய போர்வையாகி வீடுகளின் கூரைவரை இறங்கிவிடும். காற்றாலைத் தொழிற்சாலைக்குள் காலை ஆறு மணிக்கு இருட்டோடு நுழைந்து, பின்னேரம் மூன்றரைக்கு இருட்டுப்படத் தொடங்கும்போது வீட்டுக்கு வருவேன். நடுவில் பகல் என்று ஒன்று நடந்ததாம், மற்றவர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட மாதங்களில் வெளிச்சத்துக்கு அலைகிறவனாக நான் மாறினேன். சனி, ஞாயிறு என்றால் முக்காலியும் கமெராப் பையும் காரின் பின்பக்கத்தில் தயாராக இருக்கும். உறைபனி பூத்த புல், வேலிக்கம்பியில் தொங்கும் ஒரு துளி, வயலில் தனியாக நிற்கும் கொக்கு. ஒரு துளிக்காக ஈரத்தில் முழங்காலில் ஒரு மணித்தியாலம் நின்றிருக்கிறேன். என் மகளுக்காக அப்படி நின்றது அவளுக்கு சப்பாத்து நாடா கட்டத் தெரியாத வயதோடு முடிந்துவிட்டது.

கமெரா எனக்கு முதலில் ஒரு சாட்டு. இந்த நாட்டுக்கு வந்த புதிதிலிருந்தே, எங்கள் ஆட்களின் பிறந்தநாள், சாமத்தியவீடு, அரங்கேற்றம் எல்லாவற்றிலும் படம் எடுக்கிறவன் நான். படம் எடுக்கிறவனை ஒருவரும் பக்கத்தில் இருத்தி, என்ன வேலை, என்ன வீடு, ஏன் இன்னும் ஒரு பிள்ளையோடு நிற்கிறியள் என்று கேட்பதில்லை. "அண்ணை, எங்களையும் ஒருக்கா எடுங்கோ" என்பார்கள். எடுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டால் பாதி உலகம் குறையும். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்தது.

"எங்கடை ஒரு அல்பத்திலையும் உங்கடை முகம் இல்லை," என்று மனைவி அடிக்கடி சொல்வாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். நாள் முழுக்க மறதிக்காரரோடு கதைத்துக் கதைத்து, எதையும் நேராகச் சொல்லப் பழகியவள். "பிள்ளை வளந்து, இந்த வீட்டிலை அப்பா எண்டு ஒராள் இருந்தவரோ எண்டு கேக்கப்போகுது."

"படம் எடுத்தது ஆரெண்டு கேட்டால் சொல்லும்," என்பேன்.

"ஓம், ஓம். அப்பா வெளியிலை நிண்டவர் எண்டு சொல்லுறன்."

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டால் ஒரு விஷயம் முடிந்துவிட்டது என்று நினைக்கும் இனம் நான்.

மகளுக்கு அப்போது பத்து வயது. டிசம்பர் நத்தார் விடுமுறையிலிருந்தே ஒன்று கேட்டுக்கொண்டிருந்தாள்: வைலே நகரத்துக்குப் போய், அங்கே இருக்கிற பெரிய நீச்சல் தடாகத்தின் சறுக்கில் வழுக்கிவிட்டு வரவேண்டும். அம்மாவோடு அல்ல, அம்மாவுக்குத் தண்ணீர் பயம். என்னோடு. ஜனவரி கடைசிச் சனிக்கிழமை என்று சொன்னேன். அவள் துவாயையும் நீச்சல் உடுப்பையும் வெள்ளிக்கிழமையே பையில் வைத்துக் கதவடியில் விட்டிருந்தாள். சனிக்கிழமை விடிய நான் யன்னலைத் திறந்தேன். முழு ஊரும் வெள்ளையாக, ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு முள்ளும் பனிமயிர் முளைத்து, மேலே ஒரு துண்டு நீலம். வருடத்தில் இரண்டு தரம் வந்தால் பெரிய காரியம். பத்து மணிக்கு உருகிவிடும் என்று எனக்குத் தெரியும், பத்தரைக்கு வந்துவிடுவேன் என்று மனைவியிடம் சொன்னேன். புல்வெளிக்குப் போனேன். அங்கிருந்து ஏரிக்கரைக்கு. ஏரிக்கரையில் மூடுபனி இறங்கியது. வந்தபோது இரண்டு மணி. பை கதவடியில் இல்லை. அவள் தன் அறையில் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நான் அதை நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு அந்தக் கடிதம் வந்தது.

இந்த நாட்டில் இது ஒரு விளையாட்டு. குளிர் விடுகிற காலத்தில் பிள்ளைகள் தாளை வெட்டி, பனிக்குள்ளால் முதலில் தலைகாட்டுகிற அந்தச் சின்ன வெள்ளைப் பூவைப் பிடுங்கி வைத்து, நாலு வரி பாட்டு எழுதி, பெயரைப் போடாமல் பெயரின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு புள்ளி மட்டும் வைத்து, யாருக்காவது அனுப்புவார்கள். கெக்கெப்ரெவ் என்று பெயர். யார் அனுப்பியது என்று வாங்கியவர் ஊகித்துச் சொல்லவேண்டும். ஈஸ்டருக்குள் சொன்னால் அனுப்பியவர் ஒரு முட்டை தரவேண்டும். சொல்லாவிட்டால் வாங்கியவர் தரவேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

நான் லீவில் வீட்டில் நின்ற ஒரு நாள், எங்கள் தபால் பெட்டிக்குள் முத்திரை இல்லாத உறையில் அது கிடந்தது. என் பெயர் எழுதியிருந்தது. எனக்கு ஊகிக்க என்ன இருக்கிறது? முதல் நாள் குசினி மேசையில் அவள் கத்தரிக்கோலோடு இருந்ததையும், வெட்டிய துணுக்குகளை மனைவி தும்புத்தடியால் கூட்டியதையும் கண்ணால் கண்டவன் நான். அவள்தான் என்று தெரியும். தெரிந்த ஒன்றை ஏன் சொல்லவேண்டும்? எங்கள் வீடுகளில் தெரிந்ததை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பசிக்கிறதா என்று கேட்போம், பிரியம் என்று சொல்லமாட்டோம். என் தகப்பன் எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை, நானும் காத்திருந்ததில்லை. இந்த விளையாட்டில் தெரிந்தாலும் சொல்லத்தான் வேண்டும், சொல்வதுதான் விளையாட்டு என்பது எனக்கு உறைக்கவில்லை. இருபது வருடம் இந்த மண்ணில் வரி கட்டியவனுக்கு உறைக்கவில்லை.

பாட்டையும் வாசிக்கவில்லை. முதல் வரியில் பூவைப் பற்றி, குளிரைப் பற்றி இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் பார்த்து எழுதுகிற அதே வரிகள்தான் என்று விட்டுவிட்டேன். ஆனால் தாளை உயர்த்திப் பிடித்தபோது வெயில் உள்ளே புகுந்தது. உடனே கமெராவை எடுத்தேன். தெற்குப் பக்க யன்னலில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, நாற்பது படம். மகள் பள்ளிக்கூடத்தால் வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு, "தபால் ஏதாவது வந்ததா?" என்று டேனிஷில் கேட்டாள்.

"ஒண்டும் விசேஷம் இல்லை, பிள்ளை," என்றேன். படத்தைப் பிறகு காட்டி அவளை ஆச்சரியப்படுத்துவதாக என் எண்ணம்.

அவள் நாளுக்கு நாள் கேட்டாள். சாப்பிடும்போது, "இந்த வருடம் யாருக்காவது கெக்கெப்ரெவ் வந்ததா?" என்று கேட்டுவிட்டு சோற்றையே பார்த்துக்கொண்டிருப்பாள். மனைவி என்னைப் பார்ப்பாள். நான் மனதுக்குள் சட்டகத்தின் அளவைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் ஊரில் ஒரு படக்கழகம் இருக்கிறது. பதினைந்து பேர், என்னைத் தவிர எல்லாரும் டேனிஷ்காரர், பாதிப்பேர் ஓய்வூதியக்காரர். மாதம் ஒருமுறை நூலகத்தின் கூட்ட அறையில் கூடுவோம். ஈஸ்டருக்கு முந்திய கூட்டத்துக்குக் குடும்பத்தையும் கூட்டிவரலாம். கேக் இருக்கும், ஆண்டின் சிறந்த படத்துக்கு வாக்கெடுப்பு இருக்கும். படங்களைப் பெயர் இல்லாமல் இலக்கம் மட்டும் ஒட்டிப் பலகையில் தொங்கவிடுவார்கள். எல்லாரும் ஒவ்வொரு படமாகப் பேசி முடிக்கும்வரை எடுத்தவர் வாய் திறக்கக்கூடாது. இது கழகத்தின் பழைய விதி. அந்த விதியை நான் மிகவும் விரும்பினேன்.

மனைவிக்கு அன்று பின்னேர வேலை. மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே போன உடனே அவள் கண்டுவிட்டாள். இலக்கம் ஏழு. என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, அது என்னுடையது."

"உஸ்," என்றேன். "விதி இருக்கு. இப்ப கதைக்கக்கூடாது."

அவள் முகத்தில் ஒன்று நடந்தது. ஈரத்தில் முழங்காலில் நின்று படம் எடுத்த எந்த விடியலிலும் நான் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. அப்பா மறக்கவில்லை, எல்லாருக்கும் முன்னால் சொல்வதற்காகத்தான் இத்தனை நாளும் சொல்லாமல் வைத்திருந்தார் என்று அவள் நினைத்தாள். அதை அப்போது நான் விளங்கிக்கொள்ளவில்லை. முன்வரிசையில் முதுகை நேராக வைத்து, ஆரஞ்சுச் சாற்றைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

ஆறு படங்கள் பேசி முடிந்தன. ஏழாவதுக்கு வந்தார்கள். நல்ல வெளிச்சம் என்றார் ஒருவர். கழகத் தலைவர், முன்னாள் மின்சார வேலைக்காரர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சும்மா இருந்துவிட்டார்; அது அவருடைய பெரிய பாராட்டு. அப்போது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழும்பிப் பலகைக்குக் கிட்டப் போனார். "இதில் எழுதியிருப்பதை யாராவது வாசித்தீர்களா?" என்று கேட்டார். பிறகு பள்ளிக்கூடக் குரலில், தெளிவாக, மெதுவாக வாசித்தார்.

முதல் இரண்டு வரிகள் பூ, பனி. பிறகு, இப்படி:

நான் உன் வீட்டில்தான் இருக்கிறேன், ஆனால் நீ ஒரு கண்ணை மூடும்போதுதான் என்னைப் பார்க்கிறாய். சனிக்கிழமை நாம் போவதாக இருந்தது, பனி உன்னைக் கூப்பிட்டது, நீ பனியோடு போனாய். நான் யாரென்று நீ சொல்லாவிட்டால் எனக்கு முட்டை வேண்டாம். ஒரு சனிக்கிழமை தா. கமெரா இல்லாத சனிக்கிழமை.

டேனிஷில் அது எதுகையோடு இருந்தது. பத்து வயதுப் பிள்ளை அந்த எதுகைக்கு எவ்வளவு நேரம் இருந்திருப்பாள் என்று எண்ணக்கூட எனக்கு அந்த நேரம் தைரியம் இல்லை.

"ஐயோ," என்றார் யாரோ ஒரு பெண்மணி. பின்வரிசையில் ஒருவர், "இந்தத் தகப்பன் நல்ல ஒரு கழுதையாக இருக்கவேண்டும்," என்றார். "நாங்கள் எல்லோரும்தான்," என்றார் இன்னொருவர். அறை சிரித்தது.

நானும் சிரித்தேன்.

இதைத்தான் நான் எழுத வந்தேன். மற்றதெல்லாம் இதற்கு வழி. கூட்டத்தோடு சேர்ந்து, யாரோ ஒரு தகப்பனைப் பார்த்துச் சிரிப்பதுபோல, வாயைத் திறந்து சிரித்தேன். பக்கத்தில் மகள் நிலத்தைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தாள்.

தலைவர், "இந்தப் படத்துக்கு மட்டும் விதியைத் தளர்த்தலாம். இந்தக் கடிதம் யாருக்கு வந்தது என்று சொல்ல யாருக்காவது விருப்பமா?" என்று கேட்டார். காத்திருந்தார். என் கை என் தொடைக்குக் கீழே இருந்தது. எழுப்பியிருந்தால் எழும்பியிருக்கும், எந்த நோவும் இல்லாத கை. விதி விதிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டாவது படத்துக்குப் போனார்கள்.

வாக்குகளை எண்ணியபோது ஏழு வென்றது. எடுத்தவர் முன்னுக்கு வரட்டும் என்றார் தலைவர். அதற்கு எழும்பினேன். கடிதம் யாருடையது என்று கேட்டபோது எழும்பாத கால்கள் பரிசுக்கு எழும்பின. கைதட்டு பாதியில் ஒருகணம் தடுமாறி, பிறகு மரியாதைக்காகத் தொடர்ந்தது. கழுதை என்றவர் தன் கோப்பிக் கோப்பைக்குள் பார்த்தார். அந்த மனிதருக்கு இருந்த வெட்கம்கூட எனக்கு அந்த நேரம் இருந்ததா தெரியாது. ஒரு கூடை தந்தார்கள்: கோப்பித்தூள், ஒரு மெழுகுதிரி, மினுங்கும் தாளில் சுற்றிய சொக்லேட் முட்டைகள்.

காரில் அவள் முன்னுக்கு இருக்கவில்லை, பின்னுக்கு ஏறினாள். இரண்டு சுற்றுவட்டம் தாண்டினோம். எனக்குத் தாங்கவில்லை. கூடையைப் பின்னுக்கு நீட்டினேன்.

"இந்தாங்கோ பிள்ளை. முட்டை. நான் தோத்துப்போனன்தானே."

"முட்டை வேண்டாம் என்று எழுதியிருந்தது," என்றாள் டேனிஷில். கோபம் இல்லாத குரல். பிழையாகக் கொண்டுவந்த பொருளைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பதுபோல.

வேலையால் வந்த மனைவி வாசலிலேயே கேட்டாள். "என்ன, சொல்லிப்போட்டியளோ?"

நான் கூடையை மேசையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவள் ஜக்கெட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தாள்.

"நீங்கள் அதை வாசிக்கேல்லையோ?"

"இல்லை."

"நாப்பது படம் எடுத்தனீங்கள்."

"ஓம்."

"நான் அவளுக்குச் சொல்லி வச்சனான். அப்பாவுக்குத் தெரியும், சரியான நேரம் பாத்துச் சொல்லுவார் எண்டு. நீங்கள் என்னையும் பொய்க்காரி ஆக்கிப்போட்டியள்." பிறகு கூடையைப் பார்த்து, "கோப்பித்தூள் நல்ல சாமான்தான்," என்றாள். அந்தப் பகிடி எனக்கு எந்த ஏச்சையும்விட உறைத்தது.

ஈஸ்டர் கழிந்துதான், அடுத்த சனி போகலாமா என்று மகளிடம் கேட்டேன். நேரம் தவறவிட்டவர்கள் எல்லோரும் கேட்பதுபோல, கதவு நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டேன். ஈஸ்டர் முடிந்த பிறகு செல்லாது என்றாள். அதுவும் சட்டம்தான். படத்தை நூலகச் சுவரில் ஒரு மாதம் தொங்கவிடக் கேட்டார்கள், மறுத்துவிட்டு எடுத்துவந்தேன். அது ஒன்றுதான் அந்த வருடம் நான் சரியாகச் செய்தது. அதிலும் பாதி எனக்காகத்தான்.

அடுத்த பெப்ரவரியில் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன். விளம்பரத் தாள், வங்கிக் கடிதம், தண்ணீர்க் கட்டணச் சிட்டை. பக்கத்து வீட்டு வேலிக்குக் கீழே வெள்ளைப் பூக்கள் வந்தன, தலை குனிந்தன, போயின. கடிதம் வரவில்லை. அவள் உயரமானாள். ஹான்ட்போல் கழகத்தில் சேர்ந்தாள். கமெராவைத் தூக்கினால் முகத்தைத் திருப்ப மாட்டாள்; அதைவிடக் கடுமையான ஒன்று செய்தாள். பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல நின்றாள்.

இந்த வருடம், மார்ச் தொடக்கத்தில், ஒரு ஞாயிறு பின்னேரம் குசினி மேசையில் நான் கத்தரிக்கோலோடு இருந்தேன். முதல் தாளில் மடிப்பு விளிம்பையே வெட்டிவிட்டேன். விரித்தபோது இரண்டாகக் கழன்றது. இரண்டாவதில் இதயம் உருளைக்கிழங்காக வந்தது. மனைவி தேத்தண்ணியோடு வந்து பார்த்தாள்.

"என்ன உது, வலையோ?"

"கடிதம்."

"ம்." கப்பை வைத்தாள். "கத்தரிக்கோலைத் திருப்பாதேங்கோ. தாளைத் திருப்புங்கோ."

பூவுக்குப் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டேன். ஒன்று போதுமா என்று கேட்டார். போதும் என்றேன். பாட்டு எனக்கு வரவில்லை. எதுகை என் டேனிஷுக்குள் இல்லை. நேராகவே எழுதினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்தவன் நான். அந்த அறையில் சிரித்தவனும் நான்தான். யாரென்று நீ சொன்னால், உனக்கு ஒரு சனிக்கிழமை தருவேன், அதில் என் கைகள் இரண்டும் வெறுங்கைகளாக இருக்கும். கீழே மூன்று புள்ளிகள்.

மேசையில் வைத்து மையைக் காயவிட்டேன். மேற்கு யன்னலால் வெயில் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, கமெரா எப்படிக் கைக்கு வந்தது என்று தெரியாது. மூன்று படம். பிறகு தாளை மடித்து உறைக்குள் வைத்தேன்.

திங்கட்கிழமை அவள் பயிற்சியால் வந்தாள். பெட்டியிலிருந்து எடுத்துப் பிரித்தபடியே உள்ளே நுழைந்தாள். சப்பாத்தோடு நின்று வாசித்தாள். ஒருமுறை அல்ல, இரண்டுமுறை கண் மேலிருந்து கீழே இறங்கியதைப் பார்த்தேன்.

"அப்பா," என்றாள்.

கூப்பிடுகிறாள் என்று நினைத்து, "என்ன?" என்றேன்.

"இல்லை. இதுதான் பதில். அப்பா."

அவ்வளவுதான். சப்பாத்து கழற்றும் நேரம்கூடத் தேவைப்படவில்லை. அந்த வருடம் ஈஸ்டர்வரை என் வாயில் இருந்து வராத சொல்லின் நீளம் இவ்வளவுதான்.

பிறகு என்னை உற்றுப் பார்த்தாள். "இதைப் படம் எடுத்தீர்களா?"

இல்லை என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. "மூண்டு," என்றேன்.

கையை நீட்டினாள். கமெராவைக் கொடுத்தேன். பெருவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அது, அழிக்கவா, நிச்சயமா என்று கேட்டது. ஒவ்வொரு முறையும் ஓம் என்று அழுத்தினாள். சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டுகிறவனைப்போல நான் நின்றேன். முடிந்ததும் கமெராவை மேசையில் வைத்தாள், தாளைத் தன் பயிற்சிப் பைக்குள் வைத்தாள்.

"எந்தச் சனி?" என்று தமிழில் கேட்டாள்.

"வாற சனி."

"வாற சனி மட்ச் இருக்கு."

"அதுக்கடுத்த சனி?"

"விபோர்க்கிலை மட்ச்." தொலைபேசியைப் பார்த்து விரலால் தள்ளிக்கொண்டே போனாள். எவ்வளவு நேரம் தள்ளினாள். "ஏப்ரல் கடைசி. ஆனா பின்னேரம்தான்."

"சரி," என்றேன். "நான் நிக்கிறன்."

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் என்னுடையதும் மனைவியுடையதுமான வேலை நேரங்கள் எழுதிய நாட்காட்டி தொங்குகிறது. அதில் அந்தக் கட்டத்துக்குள் அவளே எழுதினாள், நீலப் பேனையால். நான் பின்னால் நின்று முழுவதும் வாசித்தேன். வைலே, இரண்டு மணி, துவாய் இரண்டு.

இதை எழுதும்போது அந்தச் சனிக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. வெள்ளைப் பூக்கள் முடிந்துவிட்டன. வெளியே தினமும் நல்ல வெளிச்சம். பையைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.